நாற்பது ரவுட்டரும் ஒரு படகும்

நெட்வேர்க் வேலை தெரிஞ்ச எங்கட பெடியள் நாலு பேர் ஒரு இடத்தில் கூடினால், கதை எங்கே தொடங்கினாலும் கடைசியில் கருவிச் சண்டையில்தான் வந்து நிற்கும். அன்சிபிளா, சோல்ட்டா, இல்லாட்டி பைதனில் நாங்களே எழுதுறதா? ஒவ்வொருத்தரிட்டயும் காட்ட ஒரு யூடியூப் வீடியோ இருக்கும். ஒரே கட்டளை, ஆயிரம் சாதனம், அரை நிமிசத்தில் எல்லாம் மாறிப்போகும். எனக்கு அந்த வீடியோக்களில் ஒரு குறைதான். அதில் மாத்துற ஆளுக்கும் மாறுற பெட்டிக்கும் நடுவில் கடல் இல்லை.

எழுவைதீவுக்குப் பாலம் கிடையாது. ஊர்காவற்றுறையில் இருந்து படகு ஏற வேண்டும். அனலைதீவுக்கும் அதே துறைதான். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காத்து எழும்பினால் படகு ஓடுமா ஓடாதா என்பதைக் காலையில் கரைக்குப் போய்த்தான் அறியலாம். இப்ப ஒரு சின்ன சேவையை யோசித்துப் பாருங்கள். தீவுகளில் உள்ள பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள், தபால் கந்தோர், சங்கக்கடை, கரைக்கும் தீவுக்கும் இடையில் வயர்லெஸ் இணைப்பு எடுக்கிற கோபுரப் பெட்டிகள். எல்லாம் சேர்த்தால் ஒரு நாற்பது சாதனம் வரும். கொழும்பில் இருக்கிற ஒரு தரவு மையத்துக்கு நாற்பது என்பது ஒரு அலுமாரி. எங்களுக்கு அது ஏழெட்டுப் பயணம், ரெண்டு மூண்டு படகு, காத்துப் பார்த்து ஒரு கிழமை.

விசயம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஒவ்வொரு ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் உள்ளே ஒரு கட்டளைப் பட்டியல் இருக்கும். எந்த முகவரி, எந்தப் பாதை, யாரை விடுறது, யாரைத் தடுக்கிறது, கடவுச்சொல் என்ன. இதைத்தான் கொன்பிக் என்கிறோம். ஒரு பெட்டியில் கையால் மாத்துவது ஐந்து நிமிட வேலை. நாற்பதில் மாத்தும்போது பதினேழாவதில் ஒரு எழுத்துப் பிழைக்கும், இருபத்தைந்தாவதை மறந்துவிடுவீர்கள், அடுத்த மாதம் எது எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதுக்காகத்தான் இந்தக் கருவிகள்.

ஆனால் கருவிகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில ஞாபகம் வைத்திருக்கும். சில தள்ளும். எங்கட பெடியள் எல்லாரும் தள்ளுற கருவியில் இருந்துதான் தொடங்குகிறார்கள். நான் சொல்கிறேன், ஞாபகம் வைக்கிற கருவி இல்லாத இடத்தில் தள்ளுற கருவியை உள்ளே விடவே கூடாது.

ஞாபகம் வைக்கிற கருவிகள் பழையவை, அலங்காரம் இல்லாதவை. ரான்சிட் தொண்ணூறுகளில் இருந்து இருக்கிறது. ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் குறித்த நேரத்துக்குப் போய் கொன்பிக்கை எழுத்தாக எடுத்து வந்து, நேற்றையதோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மாறின வரியை மின்னஞ்சலில் அனுப்பும். அவ்வளவுதான். அதன் இடத்தைப் பிடிக்க வந்தது ஒக்சிடைஸ்ட். ரூபி மொழியில் எழுதினது, நிறைய வகைப் பெட்டிகளைத் தெரியும், எடுத்ததை நேரே கிட் களஞ்சியத்தில் போடும். எங்கட பக்கம் மலிவு விலைக்காகக் கனபேர் வாங்குற மைக்ரோடிக்கையும் அதுக்குத் தெரியும். ஒரு பழைய கணினியில், லினக்ஸ் போட்டு, ஒரு சனிக்கிழமைக்குள் ஏற்றி முடிக்கலாம். ரெண்டும் இலவசம். ரெண்டும் எந்தப் பெட்டியிலும் ஒரு எழுத்தையும் மாத்தாது. வாசிக்க மட்டும் உரிமை கொடுத்தாலே ஏறக்குறைய எல்லாம் நடந்துவிடும்.

இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு கேட்டால் கொழும்பைப் பாருங்கள். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளானது. ‘ஜிஓவி டொட் எல்கே’ மின்னஞ்சலைப் பாவித்த அலுவலகங்கள், அமைச்சரவை அலுவலகம் உட்பட, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களை இழந்தன. அந்தக் காலத்துக்குப் பயன்படக்கூடிய காப்புப் பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அது ரவுட்டர் கொன்பிக் இல்லை, மின்னஞ்சல், சரி. நோய் ஒன்றுதான். புதுசாக ஒன்றை நிறுவுவதற்குக் காசு வரும், விழா வரும், நாடா வெட்டுவார்கள். பிரதி எடுத்து வேற இடத்தில் வைப்பதற்கு நாடா வெட்ட ஆள் வாறதில்லை.

இன்னொரு பழைய கதையும் இங்கே பொருந்தும். 2002 ஜூனில் நெட்வேர்க் நடத்துகிறவர்களையும் தரநிலை எழுதுகிறவர்களையும் ஒரு மேசையில் இருத்திக் கதைக்க வைத்தார்கள். அடுத்த வருசம் அது ஆர்.எப்.சி. 3535 என்று அறிக்கையாக வந்தது. நடத்துகிறவர்கள் அங்கே கேட்டது பெரிய வித்தை எதுவும் இல்லை. கொன்பிக்கை முழுசாக வெளியில் எடுக்கவும் திருப்பிப் போடவும் முடிய வேணும், சாதாரண எழுத்தாக இருக்க வேணும், ரெண்டை ஒப்பிட்டு வித்தியாசம் பார்க்க முடிய வேணும். அதில் இருந்துதான் பிறகு நெட்கொன்ப் என்ற தரநிலை 2006இல் வந்தது. இருபது வருசத்துக்கு முதல் அவர்கள் கேட்டதை இன்றைக்கும் ஒரு விற்பனையாளரிடம் கேட்டுப் பாருங்கள். ‘எங்கட டாஷ்போர்டில எல்லாம் பாக்கலாம் தம்பி’ என்பார். பார்க்கலாம், சரி. எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாமா?

இனித் தள்ளுற கருவிகள். இந்தக் குடும்பம் சேர்வர்களுக்காகப் பிறந்தது. 1993இல் ஒஸ்லோவில் மார்க் பேர்ஜெஸ் எழுதின சிஎப்என்ஜின், 2005இல் பப்பெட், 2009இல் செஃப். இவற்றில் பெரும்பாலும் ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் ஒரு முகவர் மென்பொருள் குடியிருக்க வேண்டும். ரவுட்டருக்குள் அப்படி ஆளைக் குடியமர்த்த அநேகமான நிறுவனங்கள் விடாது. 2012இல் அன்சிபிள் வந்தபோது நெட்வேர்க்காரர் அதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். உள்ளே ஒன்றும் வைக்கத் தேவையில்லை, நாங்கள் கையால் போற அதே எஸ்எஸ்எச் வழியால் அதுவும் போகும். என்ன செய்ய வேணும் என்பதை யாமல் என்ற எழுத்து வடிவில் எழுதலாம், நிரல் தெரியாதவரும் ஓரளவுக்கு வாசிக்கலாம். நல்ல கருவி. நான் அதுக்கு எதிரி இல்லை.

பயம் வேற இடத்தில். கையால் செய்யும் பிழை ஒரு பெட்டியில் நிற்கும். கருவியால் செய்யும் பிழை நாற்பதிலும் ஒரே நேரத்தில் போய் உட்காரும்.

2021 ஒக்டோபர் 4 பேஸ்புக் நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், வட்சப்பும் சேர்ந்துதான் போனது. வழமையான பராமரிப்பின்போது, முதுகெலும்பு இணைப்பின் கொள்ளளவை அறியப் போட்ட ஒரு கட்டளை எல்லா இணைப்பையும் வெட்டிவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுப்பதற்கென்றே ஒரு சோதனைக் கருவி அங்கே இருந்தது. அந்தக் கருவியில் பிழை. ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். பொறியியலாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போக வேண்டி வந்தது, உள்ளே நுழைந்து பெட்டியைத் தொடுவதற்கே நேரம் பிடித்தது.

எங்கட சனத்துக்கு இன்னும் கிட்டவான கதை 2022 ஜூலை 8, கனடா. ரொஜேர்ஸ் நிறுவனத்தின் மைய நெட்வேர்க்கை மேம்படுத்துகிற வேலை ஏழு கட்டமாக நடந்துகொண்டிருந்தது. ஆறாவது கட்டத்தில் ஒரு வடிகட்டியை கொன்பிக்கில் இருந்து நீக்கினார்கள். அந்த வடிகட்டிதான் பாதைத் தகவல் வெள்ளமாக உள்ளே வராமல் தடுத்துக்கொண்டிருந்தது. மைய ரவுட்டர்கள் மூச்சு முட்டி விழுந்தன. ஒரு கோடி இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர், வங்கி அட்டைக் கொடுப்பனவு, 911 அவசர அழைப்பு வரை பாதிப்பு. ஸ்காபரோவில் இருக்கிற சொந்தக்காரருக்கு அண்டைக்கு வட்சப்பில் மெசேஜ் போட்டுவிட்டு ஒற்றைச் சரிக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தீவுப் பக்கம் எத்தனை வீடு எண்டு எண்ண ஏலாது.

அதில் எனக்குப் பாடமாகப் படுவது நீக்கின வரி இல்லை. பிறகு வந்த விசாரணை அறிக்கையில் உள்ள ரெண்டு விசயம். ஒன்று, முன்னைய கட்டங்கள் நல்லாக முடிந்ததால் அந்த வேலையின் ஆபத்து மட்டம் ‘உயர்’ என்பதில் இருந்து ‘தாழ்’ என்று இறக்கப்பட்டிருந்தது. ரெண்டு, பழுதைத் திருத்தப் போற பாதையும் பழுதாய்ப்போன அதே நெட்வேர்க்குக்கு உள்ளாலேயே ஓடினது. வீட்டுக்குள் திறப்பை வைத்துப் பூட்டின மாதிரி.

இதை எங்கட கடலுக்குக் கொண்டுவாருங்கள். ஊர்காவற்றுறையில் இருந்துகொண்டு எழுவைதீவுக் கோபுரப் பெட்டிக்கு ஒரு பிழையான முகவரியை அனுப்புகிறீர்கள். பெட்டி உடனே கீழ்ப்படிந்துவிடும், இணைப்புப் போய்விடும். அந்தப் பிழையைத் திருத்த நீங்கள் போக வேண்டிய ஒரே வழி, நீங்கள் இப்பத்தான் வெட்டின வழி. மிச்சம் படகுதான். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இருந்தால், அடுத்த படகு மட்டும் அவர்கள் ஒரு கைபேசிக் கோட்டை நம்பி இருக்க வேண்டும்.

ஆகவே தீவுக்குக் கருவி தேர்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை சாதனத்தை எவ்வளவு வேகமாக மாத்தும் என்பது இல்லை. நான் போட்ட மாற்றம் என்னையே வெளியில் தள்ளினால், அது தானாகத் திரும்பி வருமா? இதுக்குப் பதில் கருவியில் பாதி, பெட்டியில் பாதி இருக்கிறது. ஜுனிப்பரில் ‘கொமிட் கொன்பேர்ம்ட்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. மாற்றத்தைப் போடும், பத்து நிமிடத்துக்குள் நீங்கள் மீண்டும் வந்து ‘சரி’ சொல்லாவிட்டால் பழையபடி ஆக்கிவிடும். என்னைக் கேட்டால் நெட்வேர்க் உலகத்தில் வந்த கண்டுபிடிப்புகளில் தீவுக்காரனுக்கென்றே செய்த மாதிரி ஒன்று இதுதான். சிஸ்கோவில் பழைய ஆட்கள் ‘ரீலோட் இன் 10’ என்று போட்டுவிட்டு வேலை தொடங்குவார்கள். இணைப்புப் போனால் பத்து நிமிடத்தில் பெட்டி அணைந்து எழும்பி, சேமித்த பழைய கொன்பிக்குக்கு வந்துவிடும். எல்லாம் சரியென்றால் அதை ரத்துச் செய்துவிட்டுச் சேமிக்கலாம். மைக்ரோடிக்கில் ‘சேஃப் மோட்’ இருக்கிறது. அதில் இருக்கும்போது உங்கட தொடர்பு அறுந்தால், செய்த மாற்றங்களைச் சில நிமிடத்தில் தானே பின்வாங்கும்.

இங்கேதான் சிக்கல் வருகிறது. இந்தப் பாதுகாப்பைக் கருவியோடு சேர்த்து அழகாகத் தருவது நபாம் என்ற பைதன் நூலகம். மாத்த முதல் வித்தியாசத்தைக் காட்டும், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், சில பெட்டிகளில் குறித்த நேரத்தில் திரும்பி வரவும் சொல்லலாம். ஆனால் அதன் மூலத் தொகுப்பு சிஸ்கோ, ஜுனிப்பர், அரிஸ்டா போன்ற விலை கூடின பெட்டிகளுக்கானது. மைக்ரோடிக்குக்கு வெளியார் எழுதின இணைப்பை நம்ப வேண்டும். மைக்ரோடிக்கின் சேஃப் மோடோ, ஆள் இருந்து கையால் தட்டுவதற்கென்று செய்தது. அன்சிபிள் மாதிரி வந்து கட்டளையைப் போட்டுவிட்டுப் போற கருவியோடு அது இலகுவில் ஒத்துப்போகாது. வீடியோக்களில் இதைச் சொல்லமாட்டார்கள். எங்கட பெட்டிக்கு என் பரிந்துரை கொஞ்சம் நாட்டுப்புறமானது. மாத்த முதல் பெட்டிக்குள்ளேயே ஒரு பிரதி எடுத்து, பதினைந்து நிமிடத்தில் அந்தப் பிரதியைத் திருப்பிப் போடும்படி பெட்டியின் சொந்த நேர அட்டவணையில் ஒரு வேலையை வைத்துவிட்டு, பிறகு மாற்றத்தைத் தள்ளுங்கள். உள்ளே திரும்பி வர முடிந்தால் அந்த வேலையை அழியுங்கள். இதை அன்சிபிளாலேயே செய்யலாம். முதலில் மேசையில் ஒரு பெட்டியை வைத்து, பிறகு பாலம் உள்ள பக்கத்தில், வேலணையிலோ புங்குடுதீவிலோ ஒரு பெட்டியில். கடல் தாண்டிப் போறது கடைசியில், அதுவும் ஒவ்வொன்றாக. நாற்பதுக்கு ஒரே கட்டளை என்ற பெருமை எங்களுக்கு வேண்டாம்.

தீவுப் பெட்டியோடு வேற ஒரு கொம்பனி சிம் போட்ட சின்ன மோடம் ஒன்றும் இருக்கட்டும். மாதம் சில நூறு ரூபாய். ஒரு படகுப் பயணத்தின் அலைச்சலோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை.

மேகத்தில் இருந்து நிருவகிக்கிற பெட்டிகளைப் பற்றி. பாவிக்க நல்ல வடிவு, கைபேசியில் எல்லாம் தெரியும், பெட்டியைச் செருகினால் தானே கொன்பிக்கை இறக்கிக்கொள்ளும். நேரம் இல்லாத ஆளுக்கு இதில் உண்மையான நன்மை இருக்கிறது. அதே நேரம் சிஸ்கோவின் மெராக்கியில் நெடுங்காலமாக இருக்கிற உரிமமுறை இப்படி: உரிமம் முடிந்தால் முப்பது நாள் தவணை, அதுக்குப் பிறகும் கட்டாவிட்டால் பெட்டிகள் வேலை செய்யாது. பெட்டி உங்கட, கம்பி உங்கட, ஆனால் நிற்கும். 2022இல் மார்ச்சுக்கும் மேக்கும் இடையில் டொலர் இருநூறு ரூபாயில் இருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறினதை நாங்கள் கண்டிருக்கிறோம். டொலரில் கட்ட வேண்டிய உரிமத்தை ஒரு தீவுப் பள்ளிக்கூடத்தின் தலையில் கட்டிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. யுனிஃபை மாதிரிக் கட்டுப்பாட்டு மென்பொருளை எங்கட கணினியிலேயே ஓடவிடலாம், அது நின்றாலும் பெட்டிகள் கடைசியாகக் கேட்டதைச் செய்துகொண்டிருக்கும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு பெரிய படமும் தெரியும், தீவு மின்சாரத்தைப் பார்த்தால். எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு மின்சார சபை காற்றாலை, சூரியப் பலகை, மின்கலம், டீசல் எல்லாம் கலந்த நிலையத்தை முன்னோடியாகப் போட்டது. அதே வகையை நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவில் போட 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனம் தெரிவானது. இந்தியா ஆட்சேபித்தது, அந்த வருச முடிவில் வேலை கைவிடப்பட்டது, 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைக்கு உடன்படிக்கை, 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தம். பத்திரிகைகளில் நான் வாசித்ததில் பெரும்பகுதி எந்த நாட்டுக்காரன் போடுகிறான் என்பது பற்றித்தான். போட்ட பிறகு அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கடவுச்சொல் யாரிடம், அதன் கொன்பிக் எந்த ஊரில் இருக்கும், தீவில் உள்ள பெடியனோ பெட்டையோ அதைத் திறந்து பார்க்கலாமா என்ற கேள்விகள் அதில் கண்ணில் படவில்லை. ரவுட்டராக இருந்தாலும் இன்வேட்டராக இருந்தாலும் இந்தக் கேள்விகள் ஒன்றுதான்.

அடுத்தது எல்லாரும் தெரிந்தும் கதைக்காத விசயம். இந்த நாற்பது பெட்டியும் அநேகமாக ஒரே ஒரு ஆளின் தலைக்குள் இருக்கும். அந்த ஆள் நல்ல கெட்டிக்காரனாக இருப்பான். கெட்டிக்காரன் எண்டபடியால் ரெண்டு வருசத்தில் கனடாவிலோ லண்டனிலோ இருப்பான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவன் போன பிறகு வாறவளுக்கு என்ன இருக்கும் என்பதுதான் கேள்வி. பைதனில் அவன் எழுதின மூவாயிரம் வரியா? நோர்னிர் மாதிரிப் பைதன் சட்டகம் திறமானது, நிரல் எழுதக்கூடிய மூன்று நாலு பேர் உள்ள இடத்துக்கு. ஒரு ஆள் உள்ள இடத்துக்கு அது அவனோடு விமானம் ஏறிவிடும். யாமல் கோப்பும், கிட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுதின ஒரு வரிக் குறிப்பும் மிஞ்சும். அந்தக் குறிப்பைத் தமிழில் எழுதுங்கள் என்று நான் பெடியளிடம் சொல்வதுண்டு. சிரிப்பார்கள். ‘நயினாதீவுப் பக்கத்து அன்டனா காத்துக்குத் திரும்பினதால சனலை மாத்தினது’ என்று இருந்தால், அடுத்து வாற ஆளுக்கு ஒரு வாடைக் காலத்தின் அனுபவம் அந்த வரியில் கிடைக்கும். ‘ஃபிக்ஸ்’ என்று மட்டும் இருந்தால் ஒன்றும் கிடைக்காது.

நெட்பொக்ஸ் பற்றியும் கேட்பார்கள். டிஜிட்டல் ஓசன் நிறுவனம் 2016இல் திறந்துவிட்ட மென்பொருள், எந்தப் பெட்டி எங்கே, என்ன முகவரி என்பதையெல்லாம் வைத்திருக்கும் பேரேடு. அருமையானது. ஆனால் பேரேடு எழுத ஆள் இருந்தால் மட்டும். நாற்பது பெட்டிக்கு ஒழுங்காகப் பார்க்கப்படுகிற ஒரு விரிதாள், கைவிட்ட நெட்பொக்ஸை விட நூறு மடங்கு மேல்.

‘சின்ன இடத்துக்கு இவ்வளவும் எதுக்கு, கையாலேயே செய்யலாமே’ என்பவர்களுக்கு 2018ஐ ஞாபகப்படுத்துவேன். மைக்ரோடிக்கில் ஒரு பெரிய ஓட்டை ஏப்ரலில் தெரிந்தது, நிறுவனம் உடனே திருத்தமும் விட்டது. ஓகஸ்டில் பார்த்தால் பிரேசிலில் தொடங்கி ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் களவாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலைப் பரப்பிக்கொண்டிருந்தன. திருத்தம் நாலு மாதமாக இருந்தது, போட ஆள் இல்லை. தங்களிடம் எத்தனை பெட்டி, எந்தப் பதிப்பில் இருக்கிறது என்றே கனபேருக்குத் தெரியாது. அந்தப் பட்டியலை ஒக்சிடைஸ்ட் ஒவ்வொரு நாளும் சும்மா தந்துகொண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கொன்பிக் கோப்பில் கடவுச்சொற்களும் இருக்கும். மைக்ரோடிக்கின் ஆறாம் பதிப்பில், மறைக்கச் சொன்னால் ஒழிய, அவை வெளியேற்றும் கோப்பில் அப்படியே வரும். ஏழாம் பதிப்பில்தான் வழமையாகவே மறைக்கிறது. இதைக் கொண்டுபோய்ப் பொதுவான கிட்ஹப் கணக்கில் போட்டால் வீட்டுத் திறப்பைச் சந்தியில் தொங்கவிட்டது போலத்தான். எங்கட கணினியில் ஒரு பிரதி, யாழ்ப்பாணத்தில் நம்பின இடம் ஒன்றில் பூட்டின ஒரு பிரதி, அது போதும்.

அன்சிபிள் தெரிஞ்சால்தான் வேலை கிடைக்கும் அண்ணை, எண்டு தம்பிமார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. படிக்கட்டும், நல்லாப் படிக்கட்டும். மேசையில் ரெண்டு பழைய பெட்டியை வைத்து விரும்பினபடி உடைக்கட்டும். தீவில் ஓடுகிற நெட்வேர்க்கில் மட்டும் முதல் மூன்று மாதம் வாசிக்கிற கருவி போதும். அதில் ஒவ்வொரு நாளும் வாற வித்தியாசங்களைப் பார்த்தாலே, யார் எப்ப எதை மாத்துகிறார்கள், எந்தப் பெட்டி மின்சாரம் போய் வரும்போது பழையதுக்குத் திரும்புகிறது எண்டதெல்லாம் தெரியவரும். தள்ளத் தொடங்க முதல் ஒரு சோதனை செய்து பாருங்கள். கடல் அமைதியாக இருக்கிற ஒரு பங்குனி நாளில், தீவில் ஒரு ஆள் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது, கரையில் இருந்து வேணுமென்றே இணைப்பை வெட்டுகிற ஒரு மாற்றத்தை அனுப்புங்கள். கையில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு, பெட்டி தானாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பக்கத்தில் நிற்கிற ஆள் திருத்துவார், நீங்களும் வாடைக்கு முதல் வேற வழி தேட ஆறு மாதம் இருக்கும்.